அரக்குப் பூசிய துலா

"மடார்!"

இருட்டியபின் கேட்ட சத்தம் அது. இடியா? வானத்தில் மேகம் இல்லை. மரம் சாய்ந்ததா? காற்றே இல்லை. கேளுங்கள் பிள்ளைகளே, அது கிணற்றில் நீர் இறைக்கும் துலாமரம் பிளந்த சத்தம்.

அரசர்கள் ஓயாமல் போருக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒரு தோட்டக்கார ஊரில் செங்கமலம் என்ற இளந்தாய் வாழ்ந்தாள். புருஷன் போருக்குப் போயிருந்தான். இடுப்பில் கைக்குழந்தை. கத்தரிப் பாத்தி வாடுகிறதே என்று, ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் அம்பலவாணரிடம் துலாவை இரவல் வாங்கியிருந்தாள். விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விளக்கைக் கொண்டுவந்து பார்த்தாள். பிளவுக்குள் பாதி மரம் புதிதாய் வெளுத்திருந்தது. பாதி பழையதாய்க் கறுத்திருந்தது. கறுப்பின் மேல் மூன்று பூச்சு அரக்கு.

அவளுக்கு முன் அதை இரவல் வாங்கியவர்கள் மூன்று பேர். ரங்கனிடம் இருந்தபோது துலாவில் விரிசல் விட்டது. அரக்குப் பூசித் திருப்பிக் கொடுத்தான். சின்னான் கையில் விரிசல் நீண்டது. அரக்குப் பூசித் திருப்பிக் கொடுத்தான். காத்தாயி கையில் விரிசல் ஆழ்ந்தது. அவளும் அரக்குப் பூசித் திருப்பிக் கொடுத்தாள்.

செங்கமலத்திடமும் அரக்கு இருந்தது. ஆனால் துலாமேல் ஏறி நடந்து இறைப்பவர்களும் அந்த ஊரில் உண்டு. பூசிக் கொடுத்தால், அடுத்து ஏறுகிறவன் கிணற்றுக்குள் கிடப்பான்.

வீட்டில் இருந்த ஒரே வலுவான மரம் கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம். அதை உருவினாள். பிளவோடு சேர்த்துவைத்து, நனைத்த நார்க்கயிற்றால் இறுகக் கட்டினாள். ஓநாய் திரியும் ஊர். அன்று இரவு முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை.

காலையில் அம்பலவாணர் வந்தார். துலாவைத் தூக்க அவர் கூட்டிவந்தது யாரை? அதே மூன்று பேரை.

"ஒட்டுப்போட்ட துலா எனக்கெதுக்கும்மா? புதுசு செஞ்சு குடு. அதுவரைக்கும் உன் ஆடு என் கொட்டில்ல நிக்கட்டும்."

"பழைய விரிசலுங்க ஐயா. எனக்குப் பால் வத்துன நாள்ல எம்புள்ளையைக் காப்பாத்துன ஆடு அது. இவங்களைக் கேளுங்க."

ரங்கன் வானத்தைப் பார்த்தான். சின்னான் தரையைப் பார்த்தான். காத்தாயி குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

ஆடு கத்திக்கொண்டே போயிற்று. செங்கமலம் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துத் தன் கணையமரத்தை எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். காத்தாயி கையில் ஒரு செம்பு பால்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. பெரிய இடத்துப் பகை நமக்கெதுக்குன்னுதான்..."

"காலையில இந்த வாய் எங்க போச்சுக்கா?"

பாலை வாங்கிக்கொண்டாள். குழந்தைக்குப் பசி.

தன் தவறை மறைத்துக் கைமாற்றிவிடுகிறவர்கள், கடைசியில் உண்மையைச் சொல்கிற ஒருவர் தலையில்தான் அத்தனையையும் சுமத்துகிறார்கள்.

செங்கமலம் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து கணையமரம் குறுக்கே விழுந்தது.