குரல் கொடுக்கும் வேலை

"இனி எனக்கு இந்த உலகத்துல என்ன வேலை சாமி?"

மாசிலாமணி இதைக் கேட்பது அன்றைக்கு முதல் தடவை இல்லை. மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து நாலு மாதம் ஆகிறது. நாலு மாதமும் விடிந்ததும் இதே கேள்விதான். மடத்துக் காக்கைக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வயது ஐம்பத்தாறு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். அப்பா இல்லாமலே நன்றாக இருக்கிறார்கள் என்பதுதான் அவரை அரித்தது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாது. படுத்திருக்கவும் முடியாது.

குருவுக்கு அவரைவிட இருபத்திரண்டு வயது குறைவு. ஒல்லியான ஆள். தினமும் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, "பார்ப்போம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அன்று அதுகூட இல்லை. மூலையில் கிடந்த சின்னக் கடப்பாரையை எடுத்தார்.

"கிணத்துல இறங்கப்போறேன். கூட வாங்கய்யா."

மடத்துக் கிணறு வற்றி ஆறு நாள் ஆகியிருந்தது. ஊருக்கே அது ஒன்றுதான் குடிதண்ணீர். கிணற்றின் அடியில், பக்கச் சுவரில், ஒல்லியான ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. அது உள்ளே போய் வளைந்து, கொஞ்சம் அகன்று முடிகிற இடத்தில்தான் ஊற்றுக்கண். மண் விழுந்து அது அடைத்துக்கொண்டது. வருஷா வருஷம் அதைத் தோண்டிவிடுகிறவர் கால் முறிந்து படுத்திருந்தார். ஊரில் வேறு யார் உடம்பும் அந்தத் துளைக்குள் நுழையாது.

ஊர் ஆண்கள் எல்லோரும் வண்டிகளில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, தூரத்து ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். சாயங்காலம் வந்துவிடுவார்களே, அதுவரை பொறுக்கலாமே என்றார் மாசிலாமணி.

"சாயங்காலம் வரைக்கும் யோசிச்சா, நான் இறங்க மாட்டேன்."

குருவின் உதடுகள் காய்ந்து கிடந்தன. மாசிலாமணி அதைப் பார்க்கவில்லை. அவருக்கு அவருடைய கவலையே தலைக்கு மேல் இருந்தது.

கிணற்று வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் துளைக்குள் போனால், இன்னொருவர் மேலே நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அவ்வப்போது "ம்" என்பார்.

என்ன பேசுவது என்று கேட்டார் மாசிலாமணி. எது வேண்டுமானாலும் பேசலாம், நிறுத்த மட்டும் கூடாது என்றார் குரு. விளக்கோடு கல்படிகளில் இறங்கினார். வெளிச்சம் துளைக்குள் நுழைந்து, வளைவைத் தாண்டி மறைந்தது.

மாசிலாமணி வெயிலைப் பற்றிப் பேசினார். "ம்" வந்தது. பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீடு மாறிப் போன கதையைச் சொன்னார். "ம்" வந்தது. மனைவியின் மிளகுக் குழம்புக்கும் "ம்" வந்தது. அப்புறம் அவளுடைய கடைசி நாட்களுக்குப் போனார். பேச்சு அதற்கு மேல் ஓடவில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மனைவியைப் பற்றி ஒரு கிணற்றிடம் சொல்லிக்கொண்டிருக்கும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தார். நினைக்க நினைக்க அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அழுதார் என்று அவருக்கே தெரியாது.

கிணறு சத்தமில்லாமல் கிடப்பது அப்புறம்தான் உறைத்தது.

"சாமி?"

பதில் இல்லை.

"சாமி, கேக்குதா?"

இல்லை.

துள்ளி எழுந்தார். ஆளைக் கூப்பிட ஓடலாமா? ஓடினால் யார் இருக்கிறார்கள்? அவரே இறங்கினாலும் துளைக்குள் நுழைய முடியாது. கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே தொங்கவிட்டார்.

"சாமி, நான்தான் பேசறேன். என் சத்தம் வர்ற பக்கமா வாங்க. கையை ஊணி நகருங்க. முடியும் உங்களால. இன்னும் கொஞ்சம். அப்படித்தான்."

உள்ளே யாராவது நகர்கிறார்களா என்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் "அப்படித்தான், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் கரகரத்து உடைந்தது. உடைந்த குரலிலேயே சொன்னார்.

துளையின் வாயில் ஒரு கை தெரிந்தது. முழங்கை வரை மண்.

மேலே ஏறி வந்ததும் குரு அப்படியே சரிந்தார். மாசிலாமணியின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

"மண்ணு சரிஞ்சு விளக்கு அணைஞ்சுபோச்சு," என்றார். "இருட்டுல திரும்பிட்டேன். வாசல் எந்தப் பக்கம்னு தெரியல. உங்க பேச்சு வர்ற பக்கம் போகலாம்னு பார்த்தேன். பேச்சு இல்ல. வாயெல்லாம் மண்ணு, கத்தவும் முடியல."

மாசிலாமணி விக்கி விக்கி மன்னிப்புக் கேட்டார். குரு அதைக் காதில் வாங்கவில்லை. ஊற்றுக்கண் பக்கத்தில் போய்விட்டதாகவும், ஒரு சாண் மண்தான் பாக்கி என்றும், கையில் ஈரம் பட்டது என்றும் சொன்னார். மறுபடி இறங்க வேண்டும்.

"வேண்டாம் சாமி. நான் இதுக்கு லாயக்கில்லாதவன். சாயங்காலம் நல்ல ஆளாப் பார்த்து நிறுத்திக்கலாம்."

"வேற ஆள் குரல் எனக்குப் பழக்கமில்லைய்யா. இப்ப நான் உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டுதான் வெளிய வந்தேன்."

"திரும்பவும் நடுவுல பேச்சு வராமப் போயிட்டா?"

குரு அவருடைய வேட்டி நுனியை விட்டார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும்."

மாசிலாமணி திடுக்கிட்டார். குருவின் பெயரைச் சிஷ்யன் சொல்வதா? அதுவும் துறவியின் பழைய பெயர். வீட்டோடு விட்டுவிட்டு வந்தது. மடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"பொன்னுரங்கம்," என்றார் குரு, தரையைப் பார்த்தபடி. "வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. யாராவது கூப்பிட்டு பதினாலு வருஷம் ஆச்சு."

இன்னொரு விளக்கை ஏற்றிக்கொண்டு இறங்கினார். படியில் வைத்த கால் நடுங்கியது. இந்தத் தடவை மாசிலாமணி அதைப் பார்த்தார்.

வெளிச்சம் துளைக்குள் போய் மறைந்தது.

மாசிலாமணி வாயைத் திறந்தார். சத்தம் எழும்பவில்லை. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தம்பி பொன்னுரங்கம்," என்றார். "நான் பேசறது கேக்குதா? பயப்படாதப்பா. நான் எங்கயும் போக மாட்டேன்."