வாசற்கல்லின் சந்தேகம்

ஓர் ஊரில் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. சபையார் புதுக் கோயில் கட்டிப் போய்விட்டார்கள். பழையதில் பேச்சுத் துணைக்கு வாசலில் உயரமான ஒரு கருங்கல் படியும், கோபுரத்தில் மணியும் மட்டும் மிஞ்சின.

படிக்கு ஆட்களைச் செருப்பை வைத்துத்தான் தெரியும். ஆராதனை நடந்த காலத்தில் எல்லாரும் தன்னருகே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். ஞானப்பூ ஒருத்தி மட்டும் கழற்றியதே இல்லை. ஞாயிறுதோறும் வருவாள், காலில் போட்டதைக் கழற்றாமலே வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், ஆராதனை முடிந்ததும் போய்விடுவாள். உள்ளே வர மனமில்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று படி அப்போதே சந்தேகப்பட்டது.

ஒருநாள் அவள் சபைச் செயலாளர் வேதமாணிக்கத்தோடு வந்தாள். அவர் டேப்பை விரித்துப் படியின் உயரத்தை அளந்தார். கட்டடத்தை ஊருக்குப் பொதுவாக்கப் போகிறார்களாம். ஞானப்பூ அங்கே தையல் சொல்லிக்கொடுப்பாளாம். எந்தச் சாதி, எந்த மதத்துப் பெண்ணும் வரலாமாம்.

"என்னைக் காட்டி அவள் ஏதோ சொன்னாள்," என்றது படி. "உடைத்துப் போடத்தான் பார்க்கிறாள்."

மணிக்குக் கோபுரத்திலிருந்து தலைகள்தான் தெரிந்தன.

சில நாளில் மணலும் ஜல்லியும் வந்து இறங்கின. படி கடப்பாரையை எதிர்பார்த்துக் கிடந்தது. கடப்பாரை வரவில்லை. ஈரச் சிமென்ட் வந்து அதன்மேல் சரிந்தது. வெளிச்சம் போயிற்று. உடைக்கக்கூட இல்லை, உயிரோடு புதைக்கிறார்கள் என்று படி புலம்பியது.

திறப்பு நாளன்று தலைக்கு மேல் பேச்சுக் கேட்டது.

"ஏறுங்கக்கா. சரிவா போட்டாச்சுல்லா."

"காலுல பூட்ஸு கெடக்கு, வேதம். இதக் கழத்துனா இரும்புச் சட்டத்தையும் கழத்தணும். பொறவு எப்படி நிப்பேன்?"

"யாரு கழத்தச் சொன்னா? இத்தன வருசம் மரத்தடியிலயே இருந்திட்டியளே. படியேற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"ஒருத்தராவது கேட்டியளா?"

பிறகு இரும்பு மூட்டின் சத்தம் மெதுவாக மேலேறியது. அந்தக் காலின் கனத்தைப் படி அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தது.

வெகுநேரம் கழித்து அது மணியிடம் கேட்டது: "அவளை நீ கூப்பிட்டதே இல்லையா?"

"ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டேன்," என்றது மணி. "அவளும் உன் வரைக்கும் வந்தாள்."