பாறைக்குத் தெற்கே நட்ட மல்லி

அன்று காலையில் மட்டும் ஏழாவது தடவையாக ஆறுக்குட்டி மல்லிச் செடிகளைப் பார்க்கப் போனார்.

நாலு செடி. நாலும் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. ஒவ்வொரு கிளை நுனியையும் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார். இலைக்கடியில் புரட்டிப் பார்த்தார். மொட்டு என்று சொல்ல ஒரு கடுகு அளவுகூட இல்லை.

மனைவி நஞ்சம்மாளின் வருஷத் திதிக்கு இன்னும் முப்பத்தோரு நாள்தான் இருந்தது. தன் கையால் வளர்த்த குண்டுமல்லியை அன்றைக்கு அவள் படத்துக்குப் போடுவதாக, மடத்துக்கு வந்த முதல் நாளே மனசுக்குள் சொல்லிக்கொண்டவர் அவர். அதற்காகத்தான் தையில் நட்டார். பங்குனியில் நாலைந்து மொட்டு எட்டிப் பார்த்தது. சித்திரையில் அதுவும் நின்றுபோயிற்று. இப்போது வைகாசி பாதி தாண்டிவிட்டது.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. புளித்த மோர் தெளித்தார். கடலைப் புண்ணாக்குக் கரைத்து ஊற்றினார். இலையை உருவிவிட்டார். உருவியதைவிட இரண்டு மடங்கு இலை வந்தது.

"ஏனுங்ணா, செடி ஓடிப்போயிருமின்னு காவல் நிக்கறீங்களா?"

சமையல்காரர் சென்னியப்பன். தலையில் தவிட்டு மூட்டையோடு மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"மொட்டு வரலையேப்பா."

"நீங்க இப்பிடி மூஞ்சிக்கு நேரா நின்னு பார்த்தா எதுதான் வரும்? என்னை அப்பிடிப் பார்த்தீங்கன்னா எனக்குக் கொழம்பே கொதிக்காது."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆறுக்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை பார்ப்பதுதான் தப்போ என்று ஒரு புதுக் கவலை பிடித்துக்கொண்டது. செடிக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். தாங்காமல் திரும்பிவிட்டார். இருமல் வந்தது. இருமிவிட்டு நேராக மருதாயி அம்மாவைத் தேடிப் போனார்.

அந்த மடத்துக்குக் குரு அவர்தான். வயது நாற்பத்தொன்று. ஆறுக்குட்டிக்கு ஐம்பத்தெட்டு. வந்த புதிதில் ஒருநாள் வாய் தவறி, சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி "அம்மணி" என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் முகம் காட்டாமல் திரிந்தார். "கூப்பிட்டுட்டு எங்க போயிட்டீங்க?" என்று கேட்டாரே தவிர மருதாயி அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து இவருக்கு அவர் அம்மா.

"அம்மா, செடிக்கு என்னமோ ஆயிருச்சுங்க. நீங்க வந்து பார்க்கோணும்."

மருதாயி அம்மா வந்தார். செடியைத் தொடவில்லை. பக்கத்தில் பனைமரம் உயரத்துக்கு நின்ற பெரும்பாறையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். மடத்தைக் கட்டியதே அந்தப் பாறையை ஒட்டித்தான்.

"எப்ப வெச்சீங்க?"

"தையிலங்க."

"அப்ப இங்க வெயில்?"

"காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் தீயாட்டம் அடிச்சுதுங்க. பார்த்துத்தானுங்க வெச்சேன். மல்லிக்கு வெயில் வேணும்னு கேட்டுக்கிட்டுத்தான் வெச்சேன்."

"இப்ப?"

ஆறுக்குட்டி முதல் தடவையாகச் செடியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். நாலு செடியும் நிழலில் நின்றன. பாறையின் நிழல் அவற்றைத் தாண்டி, அவர் பாதத்தையும் தாண்டி விழுந்திருந்தது.

பாறையைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"பாறை வளருமுங்களா?"

"சூரியன் பாறைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. தையில தெக்கால சாஞ்சு நிக்கும். இப்ப வடக்கால."

"வருஷா வருஷமுங்களா?"

"நான் பார்த்த வரைக்கும்."

ஆறுக்குட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் அவர். ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். ஜன்னலில் துண்டைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தூங்குவார். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நடுவில் அது எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்ததில்லை.

திடீரென்று ஒன்று நினைவு வர, பாறையைச் சுற்றிக்கொண்டு வடபுறம் ஓடினார். குளுமையான இடம் என்று வல்லாரை நட்டு வைத்த பாத்தி அங்கே. மல்லியையே பார்த்துக்கொண்டிருந்ததில் பத்து நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. பாத்தி முழுக்க வெயில். வல்லாரை சுருண்டு, தொட்டால் நொறுங்கும் அப்பளமாகக் கிடந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"அதுவும் போச்சுங்க. இங்க எதைத்தானுங்க வெக்கறது? எந்த இடம் வெயிலு, எந்த இடம் நிழலு, எந்தச் செடிக்கு எது ஆகும்? ஒரே ஒருக்காச் சொல்லிருங்க. எழுதி வெச்சுக்கறேன்."

"எந்த மாசத்துக்கு?"

 ஆறுக்குட்டியின் கைவிரல்கள் தாமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று.

"திதிக்குப் பூதானே? கடையில வாங்கிக்கலாமே."

"இருபத்தெட்டு வருஷமும் கடைப் பூதானுங்க வாங்கிக் குடுத்தேன். ஷிப்டுக்குப் போறப்போ ஒரு மொழம். மொட்டாக் குடுத்துட்டுப் போவேன். காலையில வந்தா வாடி ஆணியில தொங்கும். அவ தலையில விரிஞ்சு நான் பார்த்ததே இல்லீங்க." பாறை நிழலைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒருதரமாவது..."

மருதாயி அம்மா சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு பதியன் மிச்சம் வெச்சிருந்தீங்களே?"

"ஆமாங்க. சிமெண்டுத் தொட்டியில."

"தரையில வெச்சது இனி நகராது. தொட்டி நகரும். வெயில் எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் கொண்டுபோங்க."

"முப்பது நாளைக்குள்ள பூத்துருமுங்களா?"

"முதல்ல இன்னிக்கு வெயில் எங்க இருக்குன்னு பாருங்க."

சமையல்கட்டின் பின்முற்றம் கடப்பைக்கல் பாவியது. மதியப் பந்தி முடிந்திருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நாற்பது பேருக்கு உலை வைக்கிற சென்னியப்பன், வழக்கம்போல வாசற்படியோரம் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மருதாயி அம்மா சுவரோரம் உட்கார்ந்து ராத்திரிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

தொட்டி கூரை நிழலில் இருந்தது. வெயில் நாலடி தள்ளி இருந்தது. ஆறுக்குட்டி குனிந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார்.

கர்ர்ர் என்று கல்லில் உரசிக்கொண்டு தொட்டி நகர்ந்தது.

அவர் நின்றுவிட்டார். கை விளிம்பிலேயே இருந்தது. மறுபடி ஒரு சாண் இழுத்தார். அதே சத்தம். கையை எடுத்துவிட்டுக் கல்லிலேயே உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்று கேட்டார் மருதாயி அம்மா.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியுமுங்க."

"சொல்லுங்க."

"மில்லு லைன் வீடு. முன்னால ரெண்டடி சிமெண்டுத் தரை. நான் வந்து படுத்துக் கண்ணசர்ற நேரத்துல இதே சத்தம் வருமுங்க. பத்து மணிக்கு ஒருக்கா. பன்னெண்டுக்கு ஒருக்கா. அப்புறம் ஒருக்கா. என்னத்தைப் போட்டு இழுக்கறே, மனுசன் தூங்க வேண்டாமான்னு கத்துவேன். ஒருநாள் செம்பைத் தூக்கிக் கதவுல எறிஞ்சுட்டேன்."

"என்னத்தை இழுத்தாங்க?"

"கேக்கலீங்க."

மருதாயி அம்மா ஒரு தண்டை ஒடித்து நாரை உரித்தார்.

"அப்புறம்?"

"அன்னிக்கோட சத்தம் நின்னுபோச்சுங்க. நல்லாத் தூங்கினேன்."

கீரை கூடையில் விழுந்துகொண்டிருந்தது.

"பஞ்சுத் தூசி நெஞ்சுல கட்டிக்குமே. இப்பவே இப்படி இருமறீங்க. அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"

"காலையில செருப்பைக் கழட்டறதுக்குள்ள கற்பூரவல்லித் தண்ணி ஒரு டம்ளர் கையில குடுத்துருவா. குடிச்சுப்போட்டுப் படுத்தா இருமல் கிட்ட வராது."

"இலை யாரு தருவாங்க?"

ஆறுக்குட்டி வாயைத் திறந்தார். லைனில் மொத்தம் முப்பது வீடு. மண் என்று ஒரு பிடி கிடையாது. எதிரும் புதிரும் ஓட்டுக் கூரை. நடுவில் விழுகிற வெயில் ஒரு வேட்டி அகலம்கூட இருக்காது.

அவர் கண் சிமெண்டுத் தொட்டிக்குப் போயிற்று.

"எவ்வளவு நாள் குடிச்சீங்க?"

"கடைசி வரைக்குமுங்க. அவ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையிலகூட."

 சென்னியப்பனின் குறட்டை மட்டும் ஏறி இறங்கியது.

"சத்தம் நின்னதுக்கப்புறம் இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னு சொல்லுவா," என்றார் ஆறுக்குட்டி, யாரிடமும் இல்லாமல். "வீட்டுல சும்மா உக்காந்திருந்தா அப்பிடித்தான்னு சொல்லுவேன்."

வெயில் அதற்குள் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. அவர் அதைப் பார்த்ததும் பதறி எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பிடித்தார். பிடித்தவர் மறுபடி நிமிர்ந்தார்.

"அம்மா."

"ம்."

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. இத்தனை நாளா மல்லி மல்லின்னு பறந்தேன். மல்லி அவளுக்குப் புடிக்குமான்னே இப்பத் தெரியலை. திதிக்கு நான் எதைத்தானுங்க வெக்கறது? பூவா, அந்த இலையா?"

கேட்டுக்கொண்டே, வெயில் போய்விடுமோ என்ற பயத்தில், தொட்டியை இழுக்கக் குனிந்தார்.

மருதாயி அம்மா வாசற்படியோரம் ஒருதரம் பார்த்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

"தூக்கி வைங்க," என்றார். "சென்னியப்பன் தூங்கறாரு."