அரை லிட்டர் தாகம்

"தாகத்தை மறக்க ஒரு வழி சொல்லுங்க, டீச்சர். மூச்சை எண்ணச் சொன்னீங்க, எண்ணிட்டேன். எண்ண எண்ணச் சொம்பு சொம்பாத் தண்ணிதான் கண்ணுக்குள்ள வருது."

கேட்டவர் சுடலைமுத்து. கல்யாண வீட்டுச் சமையல்காரர். கிட்னி இரண்டும் கைவிட்டு, வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்பது டாக்டர் கட்டளை.

போன வாரம் அடக்கமாட்டாமல் குடத்துப் பக்கம் போய்விட்டார். தண்ணீர் நெஞ்சில் கட்டி, மூச்சு முட்டி, ஆம்புலன்சில் தூக்கிப் போனார்கள். இன்னொரு தரம் இப்படி வந்தால் பிழைக்கிறது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து அவர் சம்சாரம் அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீச்சர் பேர் குணவதி. வயதில் அவரைவிடச் சின்னவள். அவளுக்கும் பதினோரு வருஷமாக அதே ஊசி, அதே மிஷின். தீராத சீக்குக்காரர்களை உட்காரவைத்து, மனசை ஒரு இடத்தில் நிறுத்தப் பழக்குவாள்.

சுடலைமுத்துவால் உட்கார முடியவில்லை. எழுந்தார். ஜன்னல் வரை நடந்தார். திரும்பினார். மணி என்ன என்று மறுபடியும் கேட்டார். முன்னால் கேட்டு இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

மறக்கிற வித்தை தெரிந்தால் முதலில் நான் மறந்திருப்பேனே என்றாள் அவள். இன்றைக்குள்ள பங்கில் மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அடியில் சின்னத் தம்ளருக்கு இரண்டு தம்ளர் அளவு கிடந்தது. படுக்கிற வரைக்கும் அதுதான்.

ஒரு தம்ளர் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க, அண்ணாச்சி."

தாகத்துக்கு வழி கேட்டால் தண்ணீரையே கொடுக்கிறாளே, இதற்கு வீட்டில் திட்டு வாங்குவதே மேல் என்று முணுமுணுத்தார். அதற்குள் கை வாங்கிவிட்டது.

அண்ணாந்தார். தொண்டை மூணு தரம் ஏறி இறங்கியது. தம்ளர் காலி.

"தாகம் போச்சா?"

"எங்க போச்சு? அப்படியேதான் இருக்கு."

"எந்த இடத்துல இருக்கு?"

தேடிப் பார்த்தார். தேடும்போது கால் ஆடவில்லை.

"நாக்குல. மேல் அண்ணத்துல. உதட்டுல."

"தண்ணி?"

"அது வயித்துக்குப் போயிட்டு."

மிச்சமிருந்த தண்ணீரையும் தம்ளரில் ஊற்றினாள்.

"வாய் வச்சுக் குடிங்க."

சுடலைமுத்து பின்னால் நகர்ந்தார். நாற்பது வருஷம் பந்திக்குச் சமைத்தவர். கரண்டியில் வாய் வைத்த ஆளை அடுப்படியை விட்டே விரட்டினவர்.

"எச்சில் பண்ணச் சொல்லுதீங்களா, தாயி?"

"அடுத்த பந்தியா காத்துக்கிடக்கு? உங்க தம்ளர்தான, அண்ணாச்சி."

வெட்கத்தோடு உதட்டை வைத்தார். தண்ணீர் உதட்டில் பட்டது. நாக்கின் மேல் நின்றது. கன்னத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. அப்புறம்தான், மனசில்லாமல், இறங்கியது.

கண்ணை மூடியபடி இருந்தார். இன்னொரு வாய். ரொம்ப நேரம் கழித்து, மற்றொன்று.

தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இவ்வளவு கிடக்கே."