எதிரில் அடித்த லைற்

குணநாயகத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று கொடிகாமத்தில் போய்ச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். பருத்தித்துறை றோட்டில் காலம் முழுக்க மினிபஸ் ஓட்டியவர். மாட்டுக்கும் விலத்தி, ஆமி ட்ரக்குக்கும் விலத்தி ஓட்டிய கை அது. அந்தக் கையைத்தான் வேல்ஸ் மலையடியில் ஒரு சின்ன ஊரில், பக்கத்து சீற்றில் இருந்த வெள்ளைக்காரர் லைசென்ஸ் சோதனையில் இரண்டு தரம் பெயில் ஆக்கிவிட்டார்.

வெட்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவருக்குக் கவலைதான் பெரிது. மனைவி இராசமலருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்தம் செய்ய மலைக்கு அப்பால் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கிருந்து வரும் நோயாளர் வான் வண்டி ஊரெல்லாம் சுற்றி எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் அவளைக் கொண்டுவரும். போன கிழமை அந்த வானுக்குக் காத்திருந்த இடத்தில் தனியே சத்தியெடுத்து, துடைக்கவும் ஆளில்லாமல் இருந்திருக்கிறாள். அதைக் கேட்ட அன்று குணநாயகம் சாப்பிடவில்லை.

அவருக்குக் கார் பழக்கியவள் சுகிர்தா. அவரைவிட நன்றாக இளையவள். பிறந்தது வவுனியா, படித்ததெல்லாம் இங்கே. கடையில் கண்டால் 'தங்கச்சி' என்பார். காரில் ஏறிவிட்டால் 'ரீச்சர்'. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசாமல் இருந்தே ஆளை வேர்க்க வைத்துவிடுவாள்.

மூன்றாம் சோதனைக்கு முதல் நாள் மத்தியானம், ஊர் எல்லை தாண்டியதும் குணநாயகம் கேட்டார்.

“ரீச்சர், ஒரு கேள்வி. இதுக்கு மறுமொழி தெரியாட்டி நாளைக்கும் நான் பெயில்தான்.”

“கேளுங்கோ அண்ணை.”

“எதிரில வாறவன் லைற் அடிச்சா என்ன அர்த்தம்?”

சுகிர்தா றோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“எங்கட ஊரில லைற் அடிச்சா, 'நான் வாறன், ஒதுங்கு' எண்டு அர்த்தம். முதல் சோதனையில ஒருத்தன் அடிச்சான். நான் ஒதுங்கி நிண்டன். அவனும் நிண்டான். பின்னால நிண்டவையெல்லாம் ஹோர்ன் அடிச்சினம். பிறகு விசாரிச்சா, இஞ்ச லைற் அடிக்கிறது 'நீ வா' எண்டு சொல்லவாம். சரியெண்டு ரெண்டாம் தரம் ஒரு வான்காரன் அடிக்க, நான் திருப்பினன். அவன் அடிச்சது எனக்கில்லை. சைக்கிளில வந்த ஒரு பிள்ளைக்கு. சோதனைக்காரர் பிரேக் போட்டிராட்டி...”

அவர் கியரை மாற்றினார்.

“வா எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி நில் எண்டு சொல்லுங்கோ ரீச்சர். ரெண்டில ஒண்டு.”

“அடுத்த இடப்பக்கம் திருப்புங்கோ,” என்றாள் சுகிர்தா.

அது ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல்மதில். ஒரு கார்தான் போகலாம். எதிரில் ஆள் வந்தால் ஒதுங்குவதற்கு இடையிடையே றோட்டைக் கொஞ்சம் அகட்டி விட்டிருந்தார்கள். அந்த அகலம் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்கவேண்டும், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நிற்கவேண்டும். றோட்டுச் சட்டப் புத்தகம் முழுவதும் குணநாயகத்துக்குப் பாடம். எழுத்துச் சோதனையில் அவர் ஒன்றும் பிழைவிடவில்லை.

மலையிலிருந்து மூடுபனிப் புகார் இறங்கியிருந்தது. செம்மறிகள் மதிலோரம் நின்றன. ஒன்றும் கத்தவில்லை. மத்தியானம் என்று சொன்னால்தான் மத்தியானம்.

கொஞ்சத் தூரம் போனதும் எதிரில், புகாருக்குள், இரண்டு லைற் அடித்து அணைந்தன.

இடப்பக்கம் ஒதுங்கும் இடம் இருந்தது. குணநாயகம் அழகாக ஒதுங்கி நிறுத்தினார்.

“வாறான்,” என்றார்.

ஒருவரும் வரவில்லை. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார். எஞ்சின் சத்தம் இல்லை. எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

லைற் திரும்பவும் அடித்தது.

“வழி விட்டுக்கொண்டு நிக்கிறான் போல. என்ன ரீச்சர்?”



மூன்றாம் தரம் அது விடாமல் அடித்தது, பொறுமை கெட்டவன் அடிக்கிற மாதிரி.  நாளைக்கும் இப்படித் தயங்கி நின்றால் கதை முடிந்தது என்று குணநாயகம் நினைத்தார். இந்த நாட்டு வழக்கப்படி கையைத் தூக்கி எதிரில் நின்றவனுக்கு நன்றி காட்டிவிட்டு, கிளச்சை விட்டார். கார் போகப் போக லைற் அதே இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தது.

கார் ஒரு உலுக்கலோடு நின்றது. பழக்குகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. சுகிர்தா அதை மிதித்திருந்தாள்.

“ஏன் ரீச்சர்? அவன் எனக்காகத்தானே நிக்கிறான்?”

“எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ.”

இறங்கி முன்னால் போனார். காரின் மூக்குக்கு அங்கால் றோட்டு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஓடை ஒன்று றோட்டைக் குறுக்கறுத்து ஓடும் இடம் அது. வெயில் காலத்தில் டயர் மட்டும் நனையப் போகலாம். இப்போது மலையில் பெய்த மழையெல்லாம் அதற்குள் வந்திருந்தது. ஆழம் பார்க்க நட்ட கட்டையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

புகார் சற்று விலகியது. தண்ணீருக்கு அந்தக் கரையில், ஒதுங்கும் இடத்தில், ஒரு கார் இவர்களைப் பார்த்தபடி நின்றது.

அதற்குச் சில்லுகள் இல்லை. கதவு இடுக்கெல்லாம் புல். லைற் இருந்த இடங்களில் இரண்டு ஓட்டை. ஒன்றுக்குள் பழைய குருவிக்கூடு கிடந்தது. டிரைவர் சீற்றில் ஆள் இருக்கிற உயரத்துக்கு முட்பற்றை வளர்ந்திருந்தது.

 முருகா என்று வாய்க்குள் சொன்னார்.

“ரீச்சர்... இதிலயிருந்தோ லைற் அடிச்சது?”

“நீங்கள்தானே கண்டனீங்கள்.”

“நீங்கள் காணேல்லையோ?”

“நான் தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தன்.”

“ஆரின்ர கார் இது?”

“தெரியாது. எனக்குக் கார் பழக்கின ரீச்சரும் என்னை இஞ்சதான் கொண்டுவந்தவ. அப்பவும் இப்பிடித்தான் கிடந்தது.”

“அப்பவும் அடிச்சதோ?”

சுகிர்தா காருக்குத் திரும்பி நடந்தாள்.

திருப்ப இடமில்லை. ஒதுங்கும் இடம்வரை பின்னாலேயே எடுக்கவேண்டும். குணநாயகம் ரிவேர்ஸ் போட்டதும் முன்கண்ணாடி வெளிச்சமானது. புகார் மூடிவிட்ட அந்த இடத்திலிருந்து லைற் அடித்தது.

“திரும்ப அடிக்குது, ரீச்சர்.”

“பின்னுக்குப் பாத்து எடுங்கோ.”

கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே எடுத்தார். பின்கண்ணாடியில் அந்த வெளிச்சம் வந்து வந்து போனது. ஒதுங்கும் இடத்துக்குள் காரை விட்டு, ஹாண்ட்பிரேக்கை இழுத்தபின்தான் அவருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

“என்ன விளையாட்டு ரீச்சர் இது? செத்திருப்பன்.”

“நான்தானே பக்கத்தில இருந்தன்.”

அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சுகிர்தா கேட்டாள்.

“லைற் அடிக்கிறதைப் பற்றிப் புத்தகத்தில என்ன இருக்கு அண்ணை?”

பாடம் அல்லவா, உடனே வந்தது. “'நான் இங்க இருக்கிறன்' எண்டு மற்றவைக்குத் தெரியப்படுத்த மட்டும். வேற ஒண்டையும் சொல்ல அடிக்கக்கூடாது. மற்றவை அடிச்சா, அதை நம்பிப் போகவும் கூடாது.”

சொல்லிக்கொண்டு போகையிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. புகாரை ஒருதரம் பார்த்துவிட்டு, சட்டென்று கண்ணை எடுத்தார்.

“தெரிஞ்சிருக்குதே,” என்றாள் சுகிர்தா.

“தெரியும். எல்லாம் தெரியும்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “எனக்கு அவசரம், தங்கச்சி. மலர் அங்க தனிய இருக்கிறாள். ஆராவது வா எண்டு சொன்னா நான் போயிடுவன்.”

காருக்குள் அவர் அவளைத் தங்கச்சி என்று சொன்னது அன்றைக்குத்தான். சுகிர்தா அதைத் திருத்தவில்லை.

“நாளைக்குப் பாஸ் பண்ணினா அக்காவை எதில இருத்திக் கூட்டிக்கொண்டு வருவீங்கள்?”

“இந்த சீற்றிலதான். நீங்கள் இருக்கிற இடத்தில.”

சுகிர்தா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

“அவவின்ர காலுக்குக் கீழ பிரேக் இருக்காது, அண்ணை.”