ஓணானுக்குப் பொருத்தம் பார்த்த கதை

தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். பேரைச் சொல்லிவிடலாம், ஆனால் அங்கே இருக்கிற புத்திசாலிகள் கோபித்துக்கொள்வார்கள். மொத்தம் இரண்டே பேர்தான், அவர்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என்றாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, விட்டுவிடுவோம்.

அந்த ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. முதலாளி உச்சிமாகாளி. கூட இருப்பவர்கள் சுடலைமுத்துவும் பிச்சையாவும். மூவரும் பாஸ்போர்ட் சைஸ் தவிர வேறு படம் எடுத்ததே இல்லை. பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. ஒருமுறை கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு, மாப்பிள்ளையைத் தனியாக, பெண்ணைத் தனியாக, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் எச்சில் கையோடு எழுப்பித் தனித்தனியாகச் சுவரோரம் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த ஸ்டூடியோவுக்கு வடிவு படம் எடுக்க வந்தாள். "சிரிக்காதீங்க" என்றான் உச்சிமாகாளி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மறுபடியும் சொன்னான், அவள் மறுபடியும் சிரித்தாள். இப்படிப் பதினோரு தடவை. வீட்டுக்குப் போனவள் அப்பாவிடம், "கட்டுனா அவரைத்தான் கட்டுவேன். காலம் பூரா சிரிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். உச்சிமாகாளிக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்பா சிதம்பரநாதன் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நகராட்சிப் பூங்காவின் ஜீவராசிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஓணானுக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. உச்சிமாகாளியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தாரும் வே, பூங்காவுல ஆண் ஓணான் கெடக்கும். கழுத்து செவந்து, தலையை மேலயும் கீழயும் ஆட்டும். அந்தச் சமயத்துல படம் எடுத்துட்டு வாரும். படம் சரியா இருந்தா பொண்ணு தாரேன். இல்லன்னா இந்தத் தெருப்பக்கமே வரப்படாது."

மூவரும் கேமராவோடு கிளம்பினார்கள். ஓணான் தூரத்தில் வேலிமேல் இருந்தது. நடுவே புல்தரை. புல்தரையில் ஒரு பலகை: 'புல்லின் மேல் நடக்காதீர்.'

"நடக்கப்படாதுன்னுதான போட்டிருக்கு? ஓடுவோம்" என்றான் சுடலைமுத்து.

"ஓட்டம்னா என்னலே? வேகமா நடக்கதுதான" என்றான் பிச்சையா.

"அப்ப என்ன செய்ய?"

"உருளணும்."

கேமராவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மூவரும் உருண்டார்கள். வாக்கிங் வந்த இரண்டு பேர் ஏதோ நேர்த்திக்கடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். "வே, நீருதான் இப்ப புல்லுல நடக்கீரு" என்றான் பிச்சையா, படுத்த வாக்கிலேயே. காவலாளி தன் காலைப் பார்த்துத் திடுக்கிட்டு இறங்கிப் போய்விட்டான்.

வேலியை அடைந்ததும் உச்சிமாகாளி கேமராவில் கண்ணை வைத்தான். உடனே கண்ணை எடுத்தான்.

"காது எங்கலே?"

"கண்ணுக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கு பாரு."

"அது ஒண்ணுதான. ரெண்டு வேணும்லா?"

"இன்னொண்ணு அந்தப் பக்கம் இருக்கும். நேராப் பாக்கச் சொல்லு."

உச்சிமாகாளி ஓணானைப் பார்த்து, "கொஞ்சம் நேராப் பாரும்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். ஓணான் திரும்பியது. இனி வெள்ளைப் பின்னணிதான் பாக்கி. பிச்சையா வேலிக்கு அந்தப் பக்கம் போய், கட்டியிருந்த வேட்டியின் முனையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்ட கதை என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. சொல்கிறவர்களில் ஒருத்தராவது நேரில் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அன்றைக்கு அதை எடுத்து விடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஓணான் தானாகவே போனது.

பிச்சையா ஆளுயரத்துக்குக் குதித்தான். கழுத்து சிவந்தது. தலை மேலும் கீழும் ஆடியது. "இதான் சமயம்!" என்று சுடலைமுத்து கத்த, உச்சிமாகாளி பட்டனை அமுக்கினான்.

படத்தைப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது பிச்சையால்லா?"

"ஆமா சார். ஓணான் உள்ள இருக்கு."

"நீரெல்லாம் எனக்கு மருமகனா? போம் வே! போய் அந்த ஓணானையே கட்டிக்கிடும்!"

உச்சிமாகாளி ஸ்டூடியோவுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதான். வடிவை விட்டுவிட மனசில்லை. ஆனால் பெரியவர் சொல்லை எப்படித் தட்டுவது?

"அது ஆணாச்சேலே" என்றான் சுடலைமுத்து.

"படிச்சவரு. அதெல்லாம் யோசிக்காமலா சொல்லிருப்பாரு?" என்றான் பிச்சையா. ஓணானோடு நெருங்கிப் பழகியவன் என்பதால் அவன் பேச்சுக்கு இப்போது மதிப்பு கூடியிருந்தது.

மறுநாள் காலை வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனார்கள். புல்தரையில் உருண்டதில் பழம் கூழாகிவிட்டது. இருந்தாலும் முறை முறைதான். தாம்பாளத்தை வேலியடியில் வைத்துவிட்டு, "எங்க உச்சிமாகாளியைக் கட்டிக்கிட உமக்குச் சம்மதமா?" என்று கேட்டான் பிச்சையா.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசலியே!" என்று உச்சிமாகாளி தலையில் அடித்துக்கொண்டான்.

ஸ்டூடியோ பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அவனைத் தேடி வந்த வடிவு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்த பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, பொருத்தம் பாத்தாச்சா? நட்சத்திரம் தெரியாம எப்படிக் கல்யாணம் பண்ணுவீய?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய விஷயம் எப்படித் தப்பிப்போனது? பிச்சையா ஓணானைப் பார்த்து, "அசுவினியா?" என்றான். தலையாட்டியது. "பரணியா?" அதற்கும் தலையாட்டியது. "கார்த்திகையா?" அதற்கும்தான். ரேவதி வரைக்கும் கேட்டு முடிக்க வெயில் ஏறிவிட்டது. ஒன்றுக்காவது அது இல்லை என்று சொல்லவில்லை.

பிச்சையா விரலை மடக்கி மடக்கி நெடுநேரம் யோசித்தான். "இருபத்தேழுலயும் பொறந்திருக்கு. அப்ப உனக்குப் பொருந்தாத நட்சத்திரமும் அதுக்குள்ள இருக்குலே!"

"அப்படின்னா?"

"சம்பந்தம் தட்டிப்போச்சு!"

உச்சிமாகாளி ஓணானைக் கையெடுத்துக் கும்பிட்டான். வந்த வழியே உருண்டு, வாசலில் எழுந்து, ஒரே ஓட்டமாகப் பேராசிரியர் வீட்டில் போய் நின்றான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். வடிவு கடைசியாக வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

"மாமா, நீங்க சொன்ன இடம் ஜாதகத்துல தட்டிப்போச்சு. நாங்க முறையா தாம்பாளம் வச்சுத்தான் கேட்டோம். இனி வடிவுதான். உங்களுக்குச் சம்மதமா?"

பேராசிரியர் கோபத்தில் எழுந்து நின்றார். கழுத்து சிவந்தது. தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.

"தலையாட்டிட்டாரு! சம்மதம்!" என்று துள்ளினான் உச்சிமாகாளி.

பிச்சையா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பொறுலே. எதுக்கும் மொதல்ல, அசுவினியான்னு கேட்டுப் பாப்போம்."