சுரை மாமன் தின்ற காது

கள்ளிக்காட்டு வளை ஒன்றில் பூசணி என்றொரு முயல் இருந்தாள். அவளுக்கு ஒரே மகன், பெயர் மொச்சை. பிறக்கும்போதே அவனுக்கு வலது காது வெண்டைக்காய் நீளம், இடது காது சுண்டைக்காய் அளவு. முகமும் இடப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். சிரித்தால் சிரிப்பு வலப்பக்கமாகவே ஓடும். அவன் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தூக்கம் கெட்டது தாய்க்குத்தான்.

ஏனென்றால் மறுநாள் காதுகுத்து! காது குத்திய குட்டிதான் கூட்டத்தோடு மேயப் போகலாம் என்பது முயல்களின் வழக்கம். சுண்டைக்காய்க் காதைப் பார்த்து ஊர் வேண்டாமென்று சொல்லிவிட்டால்? பிள்ளை தனியாக அல்லவா நிற்பான்!

பூசணி யோசித்தாள். நீளமான முள்ளங்கி இலை ஒன்றைப் பறித்தாள். செம்மண் பூசி, கொடியால் மொச்சையின் சின்னக் காதின் மேல் இறுக்கிக் கட்டினாள்.

"தலையை ஆட்டாதே! வாயைத் திறக்காதே! இலை நழுவிடும்!"

"ஏம்மா..."

"மூச்!"

விடிந்ததும் வளை வாசலில் ஊரே கூடிவிட்டது. காது குத்த முள்ளம்பன்றி ஆசாரி வந்தார். ஊசியைத் தேட வேண்டியதில்லை, முதுகிலேயே இருந்தது. மொச்சையைத் தாய்மாமன் சுரையின் மடியில் உட்கார வைத்தார்கள். சுரை ஊரறிந்த சாப்பாட்டு ராமன்.

இலையில் பூசிய செம்மண் காய்ந்து உதிர்ந்தது. அத்தைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, பிள்ளைக்கு ஒரு காது பச்சையா இருக்கு?"

"சளி!" என்றாள் பூசணி. "பொல்லாத சளி!"

மொச்சை கண்ணை உருட்டினான். "ம்ம்! ம்ம்ம்!" என்றான். பூசணி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மாமனின் மூக்கு துடித்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? குனிந்தான். நறுக்!

"ஐயையோ! தாய்மாமன் மருமகன் காதைத் தின்னுட்டான்!" என்று ஊர் அலறியது.

"மன்னிச்சுக்கடா மாப்பிள்ளே, முள்ளங்கி வாசனை அடிச்சுது!" என்றான் சுரை, மென்றுகொண்டே.

கொடி அவிழ்ந்தது. சுண்டைக்காய்க் காது வெளியே வந்தது. "என் மானம் கப்பலேறிப் போச்சே!" என்று பூசணி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா, இப்போ பேசலாமா?" என்றான் மொச்சை. "அந்த ஈச்சம்புதர்ல ஒரு நரி ரொம்ப நேரமா நம்மளையே பார்த்துக்கிட்டிருக்கு!"

அவ்வளவுதான்! அத்தனை முயலும் வளைக்குள் பாய்ந்தன. கடைசியாகத் தலையை உள்ளே விட்டு, முள் முதுகை வாசல் பக்கம் சிலிர்த்துக்கொண்டு நுழைந்தார் ஆசாரி. துரத்தி வந்த நரிக்கு மூக்குக் குத்தியாகிவிட்டது. அது ஊளையிட்டுக்கொண்டே ஓடியது.

பூசணி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏண்டா கண்ணு, முன்னாடியே சொல்லலை?"

"நீதானேம்மா மூச்சுன்னு சொன்னே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "என் பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு காது சின்னது, முகம் ஒரு பக்கம் ஒடுக்கம். சளியும் இல்லை, கிளியும் இல்லை!"

"இதுக்கா அண்ணி இத்தனை பாடு?" என்றாள் அத்தைக்காரி. "நாளைக்கு மேயப் போகையில அவன் என் பக்கத்துலயே நிக்கட்டும்."

ஆசாரி பெரிய காதுக்குப் பெரிய முள்ளும் சின்னக் காதுக்குச் சின்ன முள்ளும் எடுத்துக் குத்தினார். மொச்சை இரண்டுக்கும் ஒரே மாதிரி கத்தினான். இந்தத் தடவை மாமனின் வாயைக் கட்டிவிட்டுத்தான் அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள்.

பிள்ளையின் உடம்பில் உள்ளதை ஊருக்கு மறைக்கப் போகிறவர், பிள்ளையின் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்.